குளிக்கப் போனது குற்றாலம்... பார்த்தது ஆய்க்குடி!

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் மூன்று ரகம். அருவியில் குளிக்கிறவர்கள் முதல் ரகம். கரையில் நின்று, குளிக்கிறவர்களை வேடிக்கை பார்ப்பவர்கள் இரண்டாவது ரகம். லாட்ஜில் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டாடிவிட்டு, சாயங்காலம் பக்கெட் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு, 'செம சாரல் மாப்ளே!' என்று ஊருக்கு போன் போடுகிறவர்கள் மூன்றாவது ரகம். எங்கள் ஆபீஸ் கோஷ்டி இந்த மூன்றாவது ரகம்.

ஆனி பிறந்து, அருவியில் தண்ணீர் கொட்டுகிற போட்டோ ஒன்று பேப்பரில் வந்துவிட்டால் போதும்... மதுரையில் எங்கள் செக்‌ஷனில் ஃபைல் நகராது. ஹெட் கிளார்க்குக்குச் சொல்லி வைத்தாற்போல முதுகு பிடித்துக்கொள்ளும். "எண்ணெய் மசாஜ் போட்டுட்டு ஐந்தருவில நின்னாத்தான்யா இது சரியாகும்" என்பார். இந்த வருஷமும் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு பேர், ஒரு வேன், ரெண்டு நாள். வசூல் பொறுப்பு, வழக்கம் போல, கேஷியர்.

வேன் கிளம்புவதற்கு முன் கேஷியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு ரெண்டு மணி நேரம் வேணும். ஆய்க்குடி வரைக்கும் போகணும். தம்பி அங்கதான் இருக்கான். நீங்களும் வந்தா நல்லாருக்கும்."

தம்பி கதை ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். இருபத்து நாலு வயசு, பி.காம். போன வருஷம் கோடை லீவில் கிராமத்துக்குப் போனவன், சின்ன வயசிலிருந்து குதித்துப் பழகிய கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்தான். கிணறு அதேதான். தண்ணீர்தான் அந்த வருஷம் இறங்கிப் போயிருந்தது. கழுத்து தரையில் மோதியது. மேலே தூக்கிக்கொண்டு வந்தபோது, "அண்ணே, என் காலைக் காணோம்ணே" என்றானாம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் பிளேட் வைத்தார்கள். உயிர் தப்பியது. டிஸ்சார்ஜ் அன்று சொன்னது ஒரே வாக்கியம்தான்: "இனிமே வீட்ல வச்சு நல்லா பாத்துக்குங்க."

'நல்லா' என்றால் எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவனை ஆய்க்குடிக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

ஞாயிறு காலை கோஷ்டி குறட்டையில் இருந்தபோது நாங்கள் தென்காசிக்கு வந்து ஆட்டோ பிடித்தோம்.

"எங்க போணும் அண்ணாச்சி? ஆய்க்குடியா? கோயிலுக்கா, சங்கத்துக்கா?" என்றார் டிரைவர்.

ஆய்க்குடிக்கு இந்த இரண்டு அடையாளங்கள்தான். ஒன்று, பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். இன்னொன்று, அமர் சேவா சங்கம். தென்காசி கோபுரம் பின்னால் போக, ஒரு பக்கம் வயல், தென்னை. மேற்கே மேகத்தைப் போர்த்திக்கொண்டு மலை. சாரல் நமக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஆய்க்குடி என்றதும் உங்கள் பள்ளிக்கூடத் தமிழய்யா ஞாபகம் வரவேண்டும். கடையெழு வள்ளல்களில் ஒருவன், பொதிகை மலை நாட்டுக்காரன் ஆய் அண்டிரன். வடக்கே இமயம் இருப்பதுபோல் தெற்கே ஆய்க்குடி இல்லாவிட்டால் இந்த உலகமே நிலை தடுமாறிப் போய்விடும் என்கிற அர்த்தத்தில் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. அந்த ஆய்க்குடி இதுதான் என்பது ஊர்க்காரர்கள் கட்சி. பாடிய புலவர் பேர் தெரியுமா? உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். கால் ஊனமானவர் என்று பேரிலேயே இருக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே இந்த ஊருக்கு அப்படி ஒரு சம்பந்தம்!

இந்தக் காலத்துக் கதைக்கு வருவோம். இதே ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தவர், 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் கீழே விழுந்தார். தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மாதக்கணக்கில் ராணுவ ஆஸ்பத்திரி வாசம். அங்கே அவருக்குத் தெம்பு கொடுத்த டாக்டர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல்.

ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981-ல் ஒரு சங்கம் தொடங்கினார். ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளுக்கென்று அறிவித்த சர்வதேச ஆண்டு அது. சங்கத்துக்குத் தன் பேரையோ தாத்தா பேரையோ வைக்கவில்லை. டாக்டர் பேரை வைத்தார். 'அமர்' வந்தது இப்படித்தான். 1992-ல் சென்னையிலிருந்து எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். சிறு வயதிலிருந்தே தசைச் சிதைவு நோய், அவரும் சக்கர நாற்காலிக்காரர். கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவர், தசை நாளுக்கு நாள் தேய்கிற ஒருவர்... இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம், சிகிச்சை மையம், தொழிற்பயிற்சி என்று கட்டி எழுப்பினார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கை, கால் எல்லாம் ஒழுங்காக இருக்கிற நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆபீஸ் கேன்டீன் கமிட்டி ஒன்றை நடத்த முடியாமல் மூடியிருக்கிறோம். அது வேறு கதை.

வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே நுழைந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது... எங்கே போனாலும் படியே இல்லை. எல்லாம் சாய்தளம். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், போலியோ பாதித்தவர்கள், மூளை வாதம் உள்ள குழந்தைகள் என்று பலரும் புழங்குகிற இடம். யாரும் யாரையும் 'ஐயோ பாவம்' என்று பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கிறவர்களாக அங்கே இருந்தது நானும் கேஷியரும்தான்.

தம்பி வீல்சேரில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் அம்மா.

"வாங்கண்ணே. குற்றாலத்துல தண்ணி எப்படி?"

"நல்லா விழுதுப்பா" என்றேன். (பக்கெட்டில் விழுந்ததைச் சொல்லவில்லை.)

பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று முன்பக்கம் குனிந்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். நிமிர்ந்தான். அப்புறம் இடது பக்கம் சாய்ந்தான், வலது பக்கம் சாய்ந்தான். எனக்குப் பதறிவிட்டது. "என்னப்பா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலைண்ணே. ஒரே இடத்துல உக்காந்தா உங்களுக்கு வலிக்கும், நீங்களே அசைஞ்சுக்குவீங்க. எனக்கு வலிக்காது. அதான் கடிகாரத்தைப் பாத்து அசையுறேன்."

படுக்கைப் புண் ரகசியம் இதுதான் சார். ராத்திரி தூக்கத்தில் நாம் எத்தனை தடவை புரண்டு படுக்கிறோம் என்று நமக்கே தெரியாது. அழுத்தம் தாங்காமல் உடம்பு தானாகப் புரட்டிவிடும். தண்டுவடம் அடிபட்டால் அந்தத் தகவல் மூளைக்குப் போகாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அங்கே அழுக ஆரம்பிக்கும். வீட்டில் இருந்த நாலு மாசத்தில் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே முதலில் ரூபாய்க் காசு அளவில் ஒரு சிவப்பு. அப்புறம் உள்ளங்கை அளவு புண்.

"நாங்க மெத்து மெத்துன்னு இலவம் பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டோம் தம்பி. அசைச்சா வலிக்குமேன்னு அசைக்காமப் பாத்துக்கிட்டோம்" என்றார் அம்மா.

மருந்து என்ன? ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும் சேர்த்து. அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதா'னைக் கண்டுபிடித்து நிலைநாட்ட ஒரு உலக யுத்தம் தேவைப்பட்டது. நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்த லுட்விக் குட்மன் என்கிற டாக்டரிடம், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களை ஒப்படைத்தார்கள். அதுவரை அப்படிப்பட்டவர்களைப் 'பிழைக்க மாட்டார்கள்' என்று ஓரமாகப் போட்டிருந்தார்கள். கொன்றது பெரும்பாலும் தண்டுவடம் அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். குட்மன் ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட வைத்தார், ராப்பகலாக. பிழைத்தார்கள். பிழைத்தவர்களைச் சும்மா விடவில்லை. 1948-ல் அங்கேயே 16 பேரை வைத்து சக்கர நாற்காலியில் வில் வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்ஸ் முளைத்தது அந்த விதையிலிருந்துதான். 2016-ல் ரியோவில் நம்ம சேலத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டித் தங்கம் வாங்கியது வரைக்கும் அந்தக் கொடி படர்ந்திருக்கிறது.

தம்பி சட்டைப்பையில் ஒரு அட்டை தெரிந்தது. "இது என்னப்பா, அடையாள அட்டையா?"

"படிச்சுப் பாருங்கண்ணே."

நாலே வரி. 'எனக்குக் கழுத்துத் தண்டுவடக் காயம். எனக்குத் திடீர்னு கடுமையான தலைவலி, முகத்தில் வேர்வை வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். யூரின் டியூப் மடங்கி இருக்கிறதா பாருங்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.'

எனக்குப் புரியவில்லை. தலைவலிக்கும் யூரின் டியூபுக்கும் என்ன சம்பந்தம்?

தம்பி சொன்னான். கழுத்திலோ மேல் முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினால், மலச்சிக்கல் வந்தால், ஏன், பெல்ட் இறுக்கினால்கூட உடம்பு கீழே இருந்து கூச்சல் போடும். மூளைக்கு அது கேட்காது. ஆனால் ரத்த அழுத்தம் மட்டும் சரசரவென்று ஏறும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகலாம். வீட்டில் இருந்தபோது ஒரு ராத்திரி அவனுக்கு அப்படித் தலை வெடித்திருக்கிறது. நெற்றியில் தைலம் தேய்த்து, விளக்கை அணைத்து, காலுக்குத் தலையணை வைத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அம்மா தற்செயலாகப் போர்வையை உதறியபோது தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த டியூப் விடுபட்டிருக்கிறது. அஞ்சு நிமிஷத்தில் தலைவலி போச்சு.

"தைலம்தான் கேட்டுச்சுன்னு நாலு பாட்டில் வாங்கி வச்சோம் சார்" என்றார் கேஷியர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் வேறு பக்கம் பார்த்தது.

இன்னொரு சமாசாரம், இதுதான் என்னை ஆட்டிப் பார்த்தது. தம்பிக்கு விரல்கள் அசையாது. மணிக்கட்டை மட்டும் மேலே தூக்க முடியும். அப்படித் தூக்கும்போது விரல் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தானே உள்பக்கம் மடங்குகின்றன. அந்த மடக்கில் ஒரு டம்ளரைப் பிடிக்கலாம், பேனாவைப் பிடிக்கலாம். மணிக்கட்டைக் கீழே விட்டால் பிடி விட்டுவிடும். ஆக, அசையாத விரல்களை வைத்தே ஒரு பிடி! ஆனால் இந்தப் பிடி கிடைக்க வேண்டுமென்றால் விரல்களைக் கொஞ்சம் மடங்கின வாக்கிலேயே விட்டுவைக்க வேண்டும்.

வீட்டில் அம்மா என்ன செய்தார்? தினமும் காலையில் நல்லெண்ணெய் காய்ச்சி, பிள்ளையின் கையை மடியில் வைத்து, கோணிப்போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு விரலாக நீவி நீவி நிமிர்த்தி விட்டார். நாலு மாசம். பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே அதை நிறுத்தச் சொன்னாராம்.

"பாசம் இருந்துச்சு தம்பி. பக்குவம் தெரியலையே" என்றார் அம்மா.

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. பக்கவாதம், பார்க்கின்சன், தசைச் சிதைவு, மூளை வாதம், தண்டுவடக் காயம்... மாசக் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில் கூட வாழ வேண்டிய நரம்பு சம்பந்தமான பாதிப்புகள். இதற்கெல்லாம் பாசத்தில் நம் வீடுகளில் குறைச்சலே கிடையாது. பக்குவத்துக்குத்தான் பஞ்சம். தூக்கிவிடத் தெரிய வேண்டும், எப்போது தூக்கக் கூடாது என்றும் தெரிய வேண்டும். அதற்கென்று படித்தவர்கள், பழகியவர்கள் இருக்கிறார்கள் என்பதே பல பேருக்குத் தெரியாது.

வேடிக்கை பாருங்கள்... இந்தப் பக்குவத்தை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் தாங்களே பட்டவர்கள். ஆய்க்குடிக்கு ராமகிருஷ்ணன் என்றால், வேலூருக்கு டாக்டர் மேரி வர்கீஸ். சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் அடக்க முடியாமல், பிசியோதெரபிஸ்ட்டைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "சார், இது... குணமாகுமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கழுத்து நரம்பு எவ்வளவு திரும்பும்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது சார். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். அது வர்ற வரைக்கும் அந்தப் பையன் பல்லு தேய்க்கணும், சாப்பிடணும், வேலை பாக்கணும் இல்லையா? அதுக்குத்தான் நாங்க."

உள்ளங்கையில் ஒரு பட்டை. அதில் ஸ்பூனைச் செருகினால் சாப்பாடு. பேனாவைச் செருகினால் கம்ப்யூட்டர் கீபோர்டு. பி.காம். பையன் டேலியில் என்ட்ரி போட்டுக் காட்டினான். நிதானமாகத்தான். ஆனால் டெபிட் டெபிட்டாகவும், கிரெடிட் கிரெடிட்டாகவும் இருந்தது. எங்கள் செக்‌ஷனில் இது சில சமயம் இடம் மாறும்.

சங்கத்தின் ஆட்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ச் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மூளை வாதம், வளர்ச்சித் தாமதம் எல்லாம் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. சட்டமும் கொஞ்சம் விசாலமாகியிருக்கிறது. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21. பார்க்கின்சன், நாள்பட்ட நரம்புப் பாதிப்புகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்துவிட்டன.

பைக்கில் பறக்கிற தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. ரோட்டில் ஒருத்தர் விழுந்து கிடந்தால் கையை ரெண்டு பேர், காலை ரெண்டு பேர் பிடித்து மூட்டை மாதிரி ஆட்டோவில் திணிக்காதீர்கள். கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் தலையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாயாதீர்கள். போன வருஷம் தெரிந்த ஆழம் இந்த வருஷத்துக்குக் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம். அதற்கப்புறம் வருகிற 48 வருஷத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நாங்கள் குற்றாலம் திரும்பியபோது கோஷ்டி பார்டர் புரோட்டாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கேஷியர் அன்று நாலு புரோட்டா சாப்பிட்டார். ஒரு வருஷமாக மத்தியானம் தயிர்சாதத்தை ரெண்டு வாயோடு மூடி வைக்கிற மனுஷன்.

போன வாரம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன், போன். தம்பிதான். ஊருக்கு வந்துவிட்டானாம். வீட்டு வாசலில் சாய்தளம் போட்டாகிவிட்டதாம்.

"அண்ணே, ஒரு விவரம். உங்க ஆபீஸ் வாசல்ல எத்தனை படி?"

எழுந்து போய் எண்ணிவிட்டு வந்தேன். "அஞ்சுப்பா."

"ஒரு படி எவ்வளவு உசரம்?"

பியூனிடம் ஸ்கேல் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். வாசலில் மண்டியிட்டுப் படியை அளக்கிறவனை மானேஜர் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார். "ஆறு இஞ்ச்."

"அப்ப முப்பது இஞ்ச். ஒரு இஞ்ச் உசரத்துக்கு ஒரு அடி நீளம் சாய்தளம் வேணும்ணே. முப்பது அடி. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இடம் வருமா பாருங்க. அண்ணன் வேலை பாக்கிற இடத்தை ஒரு தடவை வந்து பாக்கணும். அப்படியே உங்க அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்ல ஆள் எடுத்தாலும் சொல்லுங்க."

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் டேப் பிடித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு அடி இருக்கிறது. மானேஜர் ஸ்கூட்டரை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற பொறுப்பைக் கோஷ்டி ஏகமனதாக ஹெட் கிளார்க்கிடம் ஒப்படைத்திருக்கிறது. அவருக்கு நேற்றிலிருந்து மறுபடி முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. விடப் போவதில்லை.